விஜயலக்ஷ்மி டீச்சருக்கு ஒரு சாலட்

வெரோனிகா ஒரு காரியத்தைச் செய்வதென்று முடிவெடுத்துவிட்டால், அவள் கணவன் வில்லியம் கையிலிருக்கும் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வான். கலியாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவன் கண்டுபிடித்த ஒரே பாதுகாப்பு அது. 1948ஆம் வருஷம், ஈஸ்டர் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய சின்ன வீட்டுக்குள் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததும் அன்றும் செய்தித்தாள் உயர்ந்தது.

"பேப்பரைக் கீழ வைங்க. இது இன்னான்னு பாருங்க" என்று பத்திரிகையை அவன் மடியில் விரித்தாள்.

பக்கம் முழுக்க வண்ணப்படம். கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று ஏதோ ஒன்று பஞ்சுப்பொதி மாதிரி குவிந்திருந்தது. நடுநடுவே மஞ்சளாகப் பழத்துண்டுகள். உச்சியில் ஒரு சிவப்புப் பழம்.

"சோப்பு நுரையா?"

"சாலட்."

"சாலட்னா வெள்ளரிக்கா, வெங்காயம் இல்ல? எங்க ஆபீஸ் தொரை அதத்தான் தின்னுக்கினு இருப்பாரு."

"அது வேற. இது கூட்டத்துக்குன்னே பண்றதாம். அடுப்புல வேகவைக்கறது கிடையாது, ஓவன்ல சுடறது கிடையாது. முட்டை கிடையாது. கேட்டீங்களா? முட்டையே கிடையாது!"

வில்லியம் துறைமுகத்தில் குமாஸ்தா. வந்த சரக்கை வந்த சரக்கு, போன சரக்கைப் போன சரக்கு என்று எழுதிப் பழகியவன். முட்டை இல்லாததில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறதென்று அவனுக்கு விளங்கவில்லை. வெரோனிகா நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷும் தையலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு டீச்சர் விஜயலக்ஷ்மி, மயிலாப்பூர்க்காரி, பதினோரு வருஷமாக அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைப் பிரிப்பவள். வெரோனிகாவைவிட ஆறேழு வயது மூத்தவள். அவளுடைய கணவர் அனந்தராமனுக்கு டில்லிக்கு மாற்றலாகிவிட்டது. ஏப்ரல் இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் வழியனுப்பு விழா.

அந்தப் பள்ளிக்கூடத்தில் விழா என்றால் எப்போதும் ஒரே மாதிரிதான். ஹாலின் நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் கேக்கும் இறைச்சி பஃப்ஸும் இருக்கும். ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் வாழைப்பழம், ஆரஞ்சு, மூடி திறக்காத சோடா பாட்டில். மேஜைக்காரர்கள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள், பெஞ்சுக்காரர்கள் பெஞ்சுப் பக்கம் நிற்பார்கள். யாரும் யாரையும் அப்படி நிற்கச் சொன்னதில்லை. கால்கள் தாமாகவே பிரிந்து போகும்.

முந்தின நாள், இந்த விழாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கேக்குக்குச் சொல்லிவிடுகிறேன் என்று பூகோள டீச்சர் மர்சலின் எழுந்தாள். "அவங்களுக்காக நடக்கற விழாவுல அவங்க வாழைப்பழத்தை உரிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று வெரோனிகா கேட்டுவிட்டாள். மர்சலின் பட்டென்று திருப்பிக்கொடுத்தாள்.

"உனக்கு இருக்கற அக்கறை அவங்களுக்கு இருந்துச்சா? பதினோரு வருஷமா அவங்க டிபன் கேரியர்ல நீ கை வைக்கறே. அவங்க உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்காங்களா? சொல்லு பாப்போம்."

மர்சலின் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விஜயலக்ஷ்மியின் டிபன் கேரியரில் மேலடுக்கு எப்போதும் வெரோனிகாவுக்குத்தான். மிளகு வடை, புளியோதரை, மாவடு. டைபாய்டில் அவள் படுத்திருந்த வருஷம், இரண்டு மாதம் அவளுடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவள் விஜயலக்ஷ்மி. ஆள் மூலம் தினமும் ஒரு தூக்கில் சீரக ரசம் வரும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு துண்டு முறுக்குகூடப் போனதில்லை. போகாது என்றுதான் எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க டில்லி போறதுக்குள்ள என் கையால ஒண்ணு சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றாள் வெரோனிகா. "எல்லாரும் சாப்பிடற மாதிரி ஒண்ணு. மேஜையும் வேணாம், பெஞ்சும் வேணாம்."

வில்லியம் படத்தை மறுபடி பார்த்தான். "செய்யி" என்றான். "ஆனா முதல்ல எனக்குக் குடுத்துப் பாரு. டீச்சரம்மா டில்லி போற வயித்தோட விளையாடாத."

*

பத்திரிகை கேட்ட சாமான்களில் பாதி சென்னைப் பட்டணத்தில் கிடையாது. டின்னில் அடைத்த அன்னாசி என்றிருந்தது. மவுண்ட் ரோடில் சீமைச் சாமான் விற்கும் கடையில் யுத்தத்துக்குப் பிறகு அது வருவதே இல்லை என்று கையை விரித்தார்கள். மார்ஷ்மெல்லோ என்று ஒன்று. தலைமை ஆசிரியை மதரிடம் கேட்டாள். பஞ்சு மாதிரி ஒரு மிட்டாய், வாயில் போட்டால் மெத்தென்று கரையும் என்று மதர் சொன்னார். யோசித்துக்கொண்டே வந்தவளின் கண்ணில் கச்சேரி ரோட்டு முனையில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவன் பட்டான். வழுக்கையைச் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள். இதைவிட மெத்தென்று அமெரிக்காக்காரன் என்ன மிட்டாய் பண்ணிவிடப் போகிறான்?

உறையவைப்பதற்கான ஜெலட்டின் பொடி மட்டும் ஒரு பொட்டலம் கிடைத்தது. அன்னாசிக்குப் பழக்கடைக்குப் போய் முள்ளும் முடியுமாக இரண்டு பழம் வாங்கிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முதல் தடவை செய்தாள். பழத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து ஊற்றினாள். ஐஸ் வாங்கிவந்து சட்டியைச் சுற்றி அடுக்கினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஐஸ்தான் கரைந்துகொண்டிருந்தது. சட்டியில் இருந்தது தண்ணீராகவே இருந்தது. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ஒரு தம்ளரில் ஊற்றி வில்லியமிடம் நீட்டினாள்.

"பாயசம் நல்லாத்தான் கீது" என்றான் அவன்.

மறுநாள் மதரிடம் போய், பொட்டலத்தில் ஏதாவது மோசமா, ஏன் உறையவில்லை என்று கேட்டாள். மதருக்கும் தெரியவில்லை. பேச்சுவாக்கில் வெரோனிகா, இந்த ஜெலட்டினை எந்த மரத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டாள். ஏதோ கோந்து என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மரமா, அது மாட்டு எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது ஆயிற்றே என்றார் மதர்.

வெரோனிகா முந்தின நாள் சட்டியை நினைத்துப் பார்த்தாள். அது மட்டும் உறைந்திருந்தால்! கிண்ணத்தில் போட்டு, சிரித்த முகத்தோடு கொண்டுபோய் விஜயலக்ஷ்மியின் கையில் கொடுத்திருப்பாளே! அன்று சாயங்காலம் கோயிலுக்குள் போய் முழங்காலிட்டு, உறையாமல் போனதற்காக ஒரு ஜெபம் சொன்னாள். மிச்சமிருந்த பொட்டலத்தை வீட்டுக்கு வந்து குப்பையில் போட்டாள்.

"விட்டுடேன், வெரோனி" என்றான் வில்லியம். "ரெண்டு டஜன் மலைப்பழமா வாங்கிக் குடுத்துடலாம். நானே தூக்கிக்கினு வரேன்."

"பழம் கடைக்காரன் குடுத்தது. என் கை எங்க இருக்கு அதுல?"

*

வழி காட்டியவள் அஸ்மத்துன்னிசா. நாலு வீடு தள்ளி, தையற்கார ஷரஃபுதீனின் மனைவி. ரவிக்கைத் துணி கொடுக்கப் போன இடத்தில் வெரோனிகா தன் கதையைச் சொல்ல, அவள் தாழ்வாரத்து வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் காய்ந்த நார்க்கத்தை மாதிரி ஒன்று இருந்தது. வெள்ளையாக, எடையே இல்லாமல்.

"இது இன்னா அக்கா?"

"கடல்பாசி. கடைக்காரன் சைனா கிராஸும்பான். நோம்பு தொறக்க நாங்க காய்ச்சறது இல்லியா, அதான். சமுத்திரத்துல வெளையற செடி டீச்சரம்மா. எலும்பும் இல்ல, தோலும் இல்ல. யாரு வேணாலும் சாப்டலாம்."

"ஐஸ் வேணுமா?"

"ஐஸு இன்னாத்துக்கு? மே மாச வெய்யில்லயே கல்லாட்டம் நிக்கும். பால்ல போட்டுக் காச்சு. நல்லாக் கரையணும், அவசரப்படாத. ஆறுச்சுன்னா அப்டியே கட்டிடும். அதுக்குள்ள எதக் கலக்கணுமோ கலந்துடணும்."

விலை கேட்டதற்கு அஸ்மத்துன்னிசா கோபித்துக்கொண்டாள்.

இரண்டாவது தடவை உறைந்தது. உறைந்தது மட்டும்தான். எருமைப்பாலை அகலப் பாத்திரத்தில் ஊற்றிவைத்து மேலே படிந்த ஏட்டை வழித்தெடுத்து, பத்திரிகையில் சொன்னபடி நுரைக்க அடிப்பதற்காக மத்தைப் போட்டுக் கடைந்தாள். நுரை வருகிற மாதிரி வந்து, கண் இமைப்பதற்குள் திரள் திரளாக வெண்ணெய் ஆகிவிட்டது. சரி, வெண்ணெய் போகட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஏட்டைக் கையாலேயே கலந்து பழத்தையும் போட்டு உறையவைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வில்லியம் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். வேப்பங்கொழுந்தை அரைத்துக் கலந்த மாதிரிக் கசந்தது.

பால் கெட்டிருக்கவில்லை. காலையில் அதே பாலில்தான் காப்பி போட்டாள். பழத்தைத் தனியாக ஒரு துண்டு தின்றாள். தித்திப்பாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டில் நாக்கு நுனி சுருக்கென்றது. பச்சை அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு புண்ணாவது அவளுக்குத் தெரிந்ததுதான். வாயைத் திறந்தபடி சமையலறை நடுவில் நின்றாள்.

"நாக்கைக் கடிக்கறது பாலை மட்டும் சும்மா விடுமா?" என்றாள் உரக்க.

கூடத்திலிருந்து "இன்னா?" என்று குரல் வந்தது.

"டின்னுல அடைக்கணும்னா முதல்ல வேகவைக்கத்தானே செய்வான்? அவன் வேகவைச்ச பழத்தப் போட்டான். நான் பச்சையாப் போட்டேன். அதான் அன்னிக்கு உறையல, இப்ப கசக்குது!"

வில்லியமுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் குரலைக் கேட்டுவிட்டு, இனி மலைப்பழத்தைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை என்று மட்டும் புரிந்தது.

மூன்றாவது தடவை பழத்தைச் சர்க்கரை போட்டு, நாக்கில் சுருக்கென்னாத வரைக்கும் வேகவைத்து ஆறவிட்டாள். மத்தைத் தூர வைத்துவிட்டுத் தென்னங்கீற்றிலிருந்து புது ஈர்க்குகளை வகுந்து, கழுவி, ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டினாள். ஏட்டுச் சட்டியை, உப்புத் தூவிய ஐஸுக்கு நடுவில் உட்காரவைத்து அந்த ஈர்க்குக் கட்டால் அடித்தாள். அரைமணி நேரம் கழித்துக் கையே தன்னுடையதில்லை என்று ஆனபோது, சட்டியில் இருந்தது படத்தில் இருந்த மாதிரியே எழும்பி நின்றது. வில்லியம் மூன்று கிண்ணம் சாப்பிட்டான். நாலாவதுக்குச் சட்டியை எட்டிப் பார்த்தான்.

*

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்கு இன்னொரு கவலை பிடித்தது. சாமான்கள் சரி. பாத்திரங்கள்? அவள் வீட்டு அரிவாள்மணையில் வஞ்சிரமும் நறுக்கியிருக்கிறது, நெத்திலியும் ஆய்ந்திருக்கிறது. நொச்சிக்குப்பத்து மீன் வராத நாளே அந்த வீட்டில் இல்லை. பால் காய்ச்சும் கிண்ணத்தில்தான் ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பது.

மயிலாப்பூருக்குப் போய்ப் புது மண்சட்டி நாலு, மரக்கரண்டி இரண்டு, ஒரு சின்னக் கத்தி, ஒரு குமுட்டி அடுப்பு வாங்கினாள். வாங்கியதையெல்லாம் சமையலறைக்குள் விடாமல் பின்கட்டில் கழுவிக் கவிழ்த்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டுப் பின்கட்டில் குமுட்டியைப் பற்றவைத்தபோது, எட்டிப்பார்த்த வில்லியம் தன் செருப்பைத் தானே கழற்றி விட்டுவிட்டுத்தான் கிட்டே வந்தான்.

"நான் எதையும் தொடலாமா?"

"கை கழுவிட்டு வந்து அடிங்க. எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சு."

சோடாக் கடையிலிருந்து மரத்தூளில் புதைத்துக் கோணியில் சுற்றிய ஐஸ் பாளம் வந்திருந்தது. வில்லியம் பனியனோடு உட்கார்ந்து அடித்தான். அவன் அன்று ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தான். காரணம் கேட்ட பெரிய குமாஸ்தாவிடம் என்ன சொன்னான் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. கடல்பாசிப் பால் கைச்சூட்டுக்கு ஆறி, ஓரத்தில் லேசாகப் பிடிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து, வெரோனிகா நுரைத்த ஏட்டை அதில் மடித்து மடித்துக் கலந்தாள். வெந்த அன்னாசி, இளநீர் வழுக்கை, உடைத்த முந்திரி. மேலே சிவப்புப் பழத்துக்குப் பதில் மாதுளை முத்து. நாலு சட்டியிலும் வாழையிலையைக் கட்டி, ஈரக்கோணி சுற்றி, மத்தியானம் ரிக்ஷாவில் ஏற்றினார்கள். அவள் உட்கார இடம் இருக்கவில்லை. கூடவே நடந்தாள்.

*

ஹாலில் கேக் வந்திருந்தது. பெஞ்சில் வாழைப்பழமும் வந்திருந்தது. வெரோனிகா இரண்டுக்கும் நடுவே, ஓவிய வகுப்பிலிருந்து ஒரு மேஜையை இழுத்துவந்து போட்டாள். மர்சலின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிஜமாவே பண்ணிட்டியா? தொடமாட்டாங்க வெரோனிகா. அப்புறம் வீட்டுக்குப் போய் அழாத."

பாட்டு முடிந்தது, மதர் பேசி முடித்தார், பிள்ளைகள் மாலை போட்டு முடித்தார்கள். விஜயலக்ஷ்மி மாம்பழநிறப் பட்டுப்புடவையில், கண் கலங்கி, நாலு பேருக்கு நடுவே நின்றிருந்தாள். கூட்டம் வழக்கம்போல் இரண்டாகப் பிரியத் தொடங்கிய நேரத்தில் வெரோனிகா ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனாள்.

"டீச்சர், இது நான் பண்ணினது. ஒரு வாய் சாப்பிடணும்."

விஜயலக்ஷ்மி கிண்ணத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். "அடியே, இன்னிக்கு ஏகாதசின்னா. காலம்பறலேர்ந்து ஒரு வாய் பால்தான் உள்ள போயிருக்கு."

சுற்றுமுற்றும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மர்சலினின் முகத்தைப் பார்க்காமலிருக்க வெரோனிகா கிண்ணத்தையே பார்த்தாள். பத்து நாள். நாக்குப் புண், தோள் வலி, நாலு சட்டி. திரும்பிப் போயிருக்கலாம். அவள் கால் திரும்பவில்லை.

"ஏகாதசின்னா என்னெல்லாம் சாப்பிடக் கூடாது டீச்சர்?"

"அரிசி கூடாது, பருப்பு கூடாது. தானியமே கூடாது."

"எதெல்லாம் சாப்பிடலாம்?"

"பால், பழம், தேங்காய். அவ்வளவுதான்."

"இதுல அவ்வளவுதான் இருக்கு" என்றாள் வெரோனிகா. "எருமைப்பால், அன்னாசிப்பழம், இளநீர் வழுக்கை, சர்க்கரை. கொஞ்சம் முந்திரி, மாதுளை. முட்டை இல்ல. உறையறதுக்குக் கடல்பாசி போட்டிருக்கேன். அது செடிதான். அத எங்க தெரு அஸ்மத்துன்னிசா குடுத்தாங்க, தையற்காரர் வீட்டம்மா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. ஆனால் ஒன்றை மறைத்துச் சாப்பிடவைத்தால் சாப்பிடவைத்ததாகவே ஆகாது என்று வெரோனிகாவுக்குத் தோன்றியது. "பாத்திரமெல்லாம் புதுசு. சட்டி, கரண்டி, கத்தி, அடுப்பு எல்லாமே. எங்க சமையல்கட்டுக்குள்ள போகவேயில்ல. பின்கட்டுல, குளிச்சிட்டுப் பண்ணினேன்."

விஜயலக்ஷ்மியின் முகம் மாறியது. வெரோனிகா எதிர்பார்த்த மாதிரி அல்ல.

"புதுச் சட்டி எதுக்கு?"

"உங்களுக்காகத்தான்."

"உங்காத்துப் பாத்திரத்துல பண்ணினா நான் சாப்பிடமாட்டேன்னு நெனச்சுண்டியா?"

"பதினோரு வருஷமா ஒண்ணும் சாப்பிட்டதில்லையே டீச்சர்."

"நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேணுமான்னு கேட்டியோ?"

பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாளே தன் டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டது வெரோனிகாவுக்கு நினைவில்லை. ஆனால் பதினோரு வருஷமும் அது முந்தானைக்குள்தான் இருந்தது. நீட்டினால் மறுத்துவிடுவார்கள், மறுத்தால் மறுநாள் ஒரே பெஞ்சில் எப்படி உட்காருவது என்ற பயம் அவளுக்குத்தான் இருந்தது.

"கேட்டிருந்தா சாப்பிட்டிருப்பீங்களா?"

விஜயலக்ஷ்மி யோசித்தாள். சமாதானத்துக்காக ஒரு பதிலைச் சொல்லிவிடுகிற ஆள் இல்லை அவள். சுருதி கொஞ்சம் விலகினாலும் பாட்டை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறவள்.

"மொத வருஷம் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ரெண்டாம் வருஷமும். மாமியார் இருந்தா அப்போ. அதுக்கப்புறம் நீ டைபாய்டுல கெடந்துட்டு எழுந்து வந்தியே, அந்த வருஷம் கேட்டிருந்தா, தெரியலைடி. நேக்கே தெரியலை. நீ கேக்கவும் இல்லை, நானும் கேக்கலை. நன்னா இருந்தோம் ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். வெரோனிகா கிண்ணத்தைக் கொடுத்தாள். விஜயலக்ஷ்மி ஸ்பூனை உதட்டில் படாமல் உயர்த்திப் பார்த்தாள், அது சரிப்படவில்லை, எல்லோரையும் போல வாயில் வைத்தே சாப்பிட்டாள். மென்று விழுங்கினாள். மறுபடி ஒரு ஸ்பூன்.

"இதுக்கு என்ன பேரு?"

"சாலட்."

"சாலட்டா! தித்திப்பா, மேகத்தைத் தின்னற மாதிரின்னா இருக்கு. சர்க்கரை ஒரு சிட்டிகை கம்மியா இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்."

வெரோனிகா சிரித்துவிட்டாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தி.நகரிலிருந்து வரும் கணக்கு டீச்சர் நீரஜா, சின்னப் பெண், அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தவள், "எனக்கும் ஒரு கிண்ணம்" என்று நடு மேஜைக்கு வந்தாள். மதர் வந்தார். பியூன் பவுல்சாமி வந்தார். பெஞ்சுப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவர்களை வெரோனிகா கூப்பிடவும் இல்லை, அவர்கள்மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. நாலு சட்டியில் மூன்றரை காலியாயிற்று. மர்சலின் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "கேக் அப்படியே கெடக்கு பாரு, யார் திங்கறது?" என்று அதற்கும் அவளையே குறை சொன்னாள்.

*

விஜயலக்ஷ்மிக்கு வெள்ளிக்கிழமை ரயில். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெரோனிகாவின் வீட்டு வாசலில் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. வில்லியம் ஆபீசுக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த வெரோனிகா, ஈரக்கையை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றாள். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை தெருவரைக்கும் வந்திருக்கும்.

"முன்கூடத்துல உக்காருங்க டீச்சர். நான் அடுப்பை அணைச்சுட்டு..."

"அணைக்காதே. கொழம்பு கெட்டுப்போகும். பின்கட்டுக்கு வழி எது?"

முந்தானையால் மூக்கை லேசாக மூடிக்கொண்டு, ஆனால் நிற்காமல், அவள் வீட்டுக்குள் நடந்து பின்கட்டுக்குப் போனாள். கையில் ஒரு அன்னாசிப்பழமும் ஒரு செம்புப் பாலும் கொண்டுவந்திருந்தாள். இடுப்பில் ஒரு நோட்டும் பென்சிலும். டில்லியில் புது ஆபீஸ்காரர்களுடைய மனைவிமார்கள் எல்லாம் வருவார்கள், இட்லியும் காப்பியும் வைத்து யாரை அசத்த முடியும், இதைச் சொல்லிக்கொடு என்றாள்.

"அங்க மார்கழியில பயங்கரக் குளிராம். இன்னும் நல்லா உறையும் டீச்சர்."

"குளிரட்டும். மொதல்லேர்ந்து சொல்லு. பழத்தை எத்தனை நாழி வேகவைக்கணும்?"

அஸ்மத்துன்னிசாவிடமிருந்து வெரோனிகா இன்னொரு கத்தை கடல்பாசி வாங்கிவந்தாள். டில்லிக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்த அஸ்மத்துன்னிசா, தெரு முனைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாலின் ஏட்டை வழித்து, சோடாக் கடையிலிருந்து ஐஸ் வரவழைத்து, சட்டியை அதன் நடுவில் வைத்தார்கள். அடிக்கப்போன வெரோனிகாவின் கையிலிருந்து ஈர்க்குக் கட்டை விஜயலக்ஷ்மி வாங்கிக்கொண்டாள்.

"நீ பண்ணித் தந்துட்டா நேக்கு எப்படி வரும்?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து அடித்தாள். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வியர்வை வழிந்து குங்குமத்தோடு மூக்கில் இறங்கியது. ஏடு அசையவில்லை. "இன்னும் எத்தனை நாழிடி?" என்றாள். "இன்னும் பாதிகூட ஆகல" என்றாள் வெரோனிகா. விஜயலக்ஷ்மி நிமிர்ந்தாள்.

"தொண்டை காயறது. கொஞ்சம் தீர்த்தம் கொடு."

வெரோனிகா எழுந்து, எந்தத் தம்ளரில் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல், வில்லியம் தினமும் குடிக்கும் தம்ளரை எடுத்துக் கழுவி, பானைத் தண்ணீரை மொண்டுவந்து கொடுத்தாள். விஜயலக்ஷ்மி அண்ணாந்து, மடக் மடக்கென்று முழுத் தம்ளரையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். பிறகு ஈர்க்குக் கட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் அடிக்கத் தொடங்கினாள்.